மோசடி முகாம்களின் கைதிகள்

ஆள்கடத்தலும், பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைக் கள்ளத்தனமாக எல்லை தாண்ட வைப்பதும் சர்வதேசச் சட்டத்தில் இரு வேறு குற்றங்கள். ஐ.நா. பொதுச் சபை 2000 நவம்பரில் ஏற்றுக்கொண்ட பாலெர்மோ உடன்படிக்கையின் நெறிமுறைகள் இரண்டையும் தனித்தனியே வரையறுத்தன. கள்ளத்தனமாக எல்லை தாண்டவைக்கும் தரகரின் வேலை, பணம் கொடுத்தவர் அக்கரை சேர்ந்ததும் முடிந்துவிடும். ஆள்கடத்தலில் அதன் பிறகுதான் எல்லாமே தொடங்குகிறது. ஏமாற்றியோ மிரட்டியோ ஒருவரைக் கொண்டுவந்து சுரண்டுவதே அதன் நோக்கம். அதற்கு எல்லை தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளூர்ச் செங்கல் சூளையிலும் அது நடக்கும். ஏமாற்றப்பட்டவர் தொடக்கத்தில் சம்மதித்தார் என்ற வாதம் செல்லாது. இந்த நெறிமுறைகளை இந்தியா 2011-இல் உறுதி செய்தது.

ஏட்டில் தெளிவாக இருக்கும் இந்தக் கோடு மியான்மரின் மியாவடியில் அழிந்துபோகிறது. மோய் ஆற்றுக்கு இக்கரையில் தாய்லாந்தின் மேசோட் நகரம்; அக்கரையில் ஆயுதக் குழுக்களின் பிடியில் வளர்ந்த கேகே பார்க், ஷ்வே கொக்கோ போன்ற மோசடி முகாம்கள். பாங்காக்கில் ‘டேட்டா என்ட்ரி’, ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ வேலை என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் வரும். ஆன்லைனில் ஒரு நேர்காணல், தட்டச்சு வேகத்துக்கு ஒரு தேர்வு, பிறகு விமான டிக்கெட். தாய்லாந்தில் சுற்றுலாப் பயணியாக இறங்கும் இளைஞர் பல மணி நேரம் காரில் கொண்டுசெல்லப்பட்டு இரவோடு இரவாக ஆற்றைக் கடக்கிறார். அந்த நேரத்தில் அவர் சட்டவிரோதக் குடியேறி. முகாமுக்குள் பாஸ்போர்ட் பறிக்கப்பட்டதும் கடத்தப்பட்டவர்.

அங்கே தரப்படும் வேலை, போலிப் பெயரில் அந்நியர்களிடம் பழகி, காதலோ நட்போ காட்டி, கிரிப்டோ முதலீடு என்று அவர்களின் சேமிப்பைக் கறப்பது. நாள் இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி, பட்டினி. வெளியேற வேண்டுமானால் ஆயிரக்கணக்கான டாலர் ‘நஷ்டஈடு’ கட்ட வேண்டும். இல்லாவிட்டால் வேறு கும்பலுக்கு விற்றுவிடுவார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது. 2022 செப்டம்பரில் மியாவடியில் சிக்கிய தமிழர்களை மீட்கக் கோரித் தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதம் முதல் குழுவினர் சென்னை வந்து சேர்ந்தனர். இலங்கையரும் அங்கே சிக்கியிருந்தனர்.

இந்தக் குற்றத்துக்கு இரையாவது யார் என்பதில்தான் தடுப்பு முயற்சிகள் தடுமாறுகின்றன. இந்தியாவின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், வளைகுடாவுக்குக் கொத்தனாராகவும் வீட்டு வேலைக்கும் செல்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போனால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவை. மோசடி முகாமுக்குத் தேவைப்படுவதோ ஆங்கிலமும் கணினியும் தெரிந்த பட்டதாரி. அவருக்கு அந்த அனுமதியே வேண்டாம். தாய்லாந்து அந்தப் பட்டியலில் உண்டு, மியான்மரும் கம்போடியாவும் இல்லை; எப்படியும் அவர் போவது சுற்றுலாப் பயணியாகத்தான். படிப்பே பாதுகாப்பு என்று நம்பிய சட்டத்தின் கண்ணில், படித்த வேலையில்லாதவர் படவே இல்லை.

ஆள் அனுப்பும் ஏஜென்ட்டின் கதை இன்னும் கசப்பானது. பதிவு பெறாமல் இந்தத் தொழில் செய்வோருக்கு அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு விதிக்கும் அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும். ஒரே ஒருவரிடம் வாங்கும் கமிஷனில் ஒரு சிறு துணுக்குக்குக்கூட இந்த அபராதம் ஈடாகாது. புதிய சட்டத்துக்கான வரைவுகளை மத்திய அரசு 2021-இலும் 2025-இலும் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. நாட்டின் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு கடுமையானது: ஒருவரைக் கடத்தினால் 7 முதல் 10 ஆண்டு, ஒருவருக்கு மேல் என்றால் ஆயுள்வரை. ஆனால் அது சுரண்டலுக்குச் சொல்லும் விளக்கத்தில் அடிமைத்தனம் உண்டு, பிச்சையெடுக்க வைப்பது உண்டு. குற்றம் செய்ய வற்புறுத்துவது வெளிப்படையாக இல்லை. ஆகவே மோசடி முகாமை ‘அடிமைத்தனம்’ என்று நீதிமன்றத்தில் நிறுவும் சுமை, வழக்கு நடத்தும் காவல்துறையின் தோளில் விழுகிறது. அதைவிட ‘வேலை வாங்கித் தருவதாக மோசடி’ என்று எளிய வழக்குப் போடுவது சுலபம்.

2025 பிப்ரவரியில் தாய்லாந்து எல்லைப்புற முகாம் பகுதிகளுக்கு மின்சாரத்தையும் இணையத்தையும் எரிபொருளையும் துண்டித்தது. ஆயிரக்கணக்கானோர் வெளியே விடப்பட்டனர். மார்ச் 10, 11 தேதிகளில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் அழைத்துவரப்பட்டனர். அப்படித் திரும்புகிறவர்களிடம் விசாரணை நடத்துவது நியாயமே. அவர்களுக்கிடையே ஆள்பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கியவர்களும் இருக்கக்கூடும். முகாமிலிருந்து தப்புவதற்கு விலையாகவே நண்பனை இழுத்துவிட்டவர்களும் உண்டு. இவர்களைப் பிரித்தறிவது கடினமான வேலை. விமான நிலையத்தில் ஓரிரு மணி நேரக் கேள்விகளில் அது முடியாது. அடிபட்டுச் செய்த மோசடிக்குத் தன்மீதே வழக்கு வரும் என்று அஞ்சுபவர் வாய் திறக்க மாட்டார்; அவர் வாய் திறக்காமல் உள்ளூர் ஏஜென்ட் பிடிபட மாட்டார். கடத்தப்பட்ட நிலையில் செய்யவைக்கப்பட்ட குற்றங்களுக்குத் தண்டனை கூடாது என்னும் கொள்கையை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2002-இலேயே பரிந்துரைத்தது. கருணைக்காக மட்டுமல்ல, புலன்விசாரணைக்காகவும் அந்தக் கொள்கை இந்தியச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

பணத்தின் தடமும் திரும்பி வந்தவரின் வாக்குமூலத்தில்தான் வந்து சேருகிறது. கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் சென் ஜி இத்தகைய மோசடி முகாம்களை நடத்தியதாக 2025 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டி, அப்போதைய மதிப்பில் சுமார் 1,500 கோடி டாலர் பெறும் 1,27,000-க்கும் அதிகமான பிட்காயின்களைப் பறிமுதல் செய்ய வழக்குத் தொடுத்தது. குற்றத்தில் ஈட்டிய சொத்து பறிமுதலானால், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தருவதற்காகக் கேட்கும் நாட்டுக்கு அதைத் திருப்பித் தருவதை முன்னுரிமையோடு பரிசீலிக்கும்படி பாலெர்மோ உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. சேமிப்பை இழந்தவர்களும் முகாமில் வதைபட்டவர்களும் இழப்பீட்டுக்கு உரியவர்களே. அப்படிக் கேட்பதற்கு இந்தியாவின் கையில் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம், திரும்பி வந்தவரை ஆள்கடத்தலுக்கு ஆளானவர் என்று உள்ளூர்க் காவல் நிலையம் பதிவு செய்யும் முதல் தகவல் அறிக்கையில் தொடங்குகிறது.