பகேரியா வைத்தியசாலையும் ஒரு விலைப்பட்டியலும்

பலேர்மோ நகருக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீற்றர் அளவு தொலைவில், கடலை அண்மித்து அமைந்துள்ள பகேரியா, 18 ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் மாளிகைகளுக்குப் பெயர்பெற்ற ஊராகும். அவ்வூரின் 113 ஆம் இலக்க நெடுஞ்சாலையோரம் வில்லா சாந்தா தெரேசா என்னும் பெரும் மருத்துவ வளாகம் ஒன்றுண்டு. பொலோன்யா நகரில் 1896 இல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற எலும்பியல் வைத்தியசாலையான றிசோலி நிறுவனம், 2012 ஆம் ஆண்டு தனது சிசிலிக் கிளையை இவ்வளாகத்திலேயே திறந்தது. இடுப்பு மாற்றவும் முறிந்த காலை மீண்டும் ஊன்றி நடக்கப் பழகவும் சிசிலி மக்கள் வட இத்தாலிக்கு அலையும் நிலையைக் குறைப்பதே அதன் நோக்கம். அறுவைச் சிகிச்சையும் அதன் பின்னரான புனர்வாழ்வுச் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன.

இக்கட்டடம் அரசின் கைக்கு வந்த வரலாறு, வைத்தியசாலைக் களஞ்சியங்களிலும் கொள்வனவுப் பிரிவுகளிலும் பணிபுரியும் எம்மவர்க்கும், அங்கு சிகிச்சை பெறும் எம்மவர்க்கும் தெரிந்திருக்க வேண்டியதாகும்.

வளாகத்தின் உரிமையாளராக இருந்தவர் மிக்கேலே ஐயெல்லோ என்னும் பொறியியலாளர். கிராமப்புறப் பாதைகள் அமைக்கும் ஒப்பந்தக்காரராகத் தொடங்கி, சிசிலியிலேயே மிகக் கூடுதலாக வரி செலுத்துவோரில் ஒருவர் என்று பேசப்படும் நிலைக்கு உயர்ந்தவர். புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சைக்கென அக்காலத்தில் கிடைத்த மிக நவீன இயந்திரங்களை அவர் வாங்கி நிறுத்தியிருந்தார். இயந்திரங்கள் போலியல்ல, சிகிச்சையும் போலியல்ல. குணமடைந்து வீடு திரும்பியோரும் பலர். 2003 நவம்பரில் அவர் கைதுசெய்யப்பட்டபோது ஊரவர் பலர் திகைத்தமைக்கு இதுவே காரணம். 1963 முதல் தலைமறைவாகி, 2006 ஏப்ரலில் பிடிபட்ட மாஃபியாத் தலைவர் பெர்னார்தோ புரொவென்சானோவின் ஆள் இவர் என்பதே வழக்கு. நீதிமன்றங்களும் அதை ஏற்றன.

பணம் வந்த வழியைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தாலியில் நோயாளிக்கான சிகிச்சைச் செலவைப் பொது நிதியே ஏற்கிறது. சிசிலியில் அதைச் செலுத்துவது பிராந்திய அரசு. நோயாளி விலையைக் காண்பதில்லை. செலுத்துபவர் நோயாளியைக் காண்பதில்லை. இருவருக்கும் இடையில் இருப்பது ஒரு விலைப்பட்டியல் மாத்திரமே. ஐயெல்லோ வழங்கிய புதிய சிகிச்சைகளுக்கு அப்போது நிலையான கட்டணம் வகுக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே அது பேசித் தீர்மானிக்கப்படும் விடயமாயிற்று. பிராந்திய அரசின் தலைவரும் தாமே ஒரு வைத்தியருமான சால்வதோரே குஃபாரோ, 2003 ஒக்ரோபர் இறுதியில் பகேரியாவிலுள்ள ஓர் ஆடை விற்பனைக் கடையின் பின்னறையில் ஐயெல்லோவைச் சந்தித்தார். அங்கு கட்டணப் பட்டியலும் பேசப்பட்டது. நடந்துகொண்டிருந்த புலனாய்வு பற்றிய இரகசியமும் கைமாறியது. ஒரு மாகாணத்தின் புற்றுநோய்ச் செலவைத் துணிக்கடையின் பின்புறத்தில் நிர்ணயிப்பதை எமது நாட்டு அரசியல்வாதிகளே கூடக் கற்பனை செய்திருப்பார்களோ என்பது ஐயமே!

வளாகம் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், அதே இயந்திரங்கள் இயங்கின, அதே சிகிச்சைகள் நடந்தன. கட்டணம் மட்டும் பன்மடங்கு சரிந்தது. முன்பு இலட்சம் யூரோவைத் தாண்டிய ஒரு சிகிச்சைத் தொடருக்குப் பின்னர் பத்தாயிரத்துக்கும் குறைவாகவே செலவானதென அக்காலத்து இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின. 2011 ஜனவரியில் ஐயெல்லோவின் பதினைந்தரை ஆண்டுச் சிறைத் தண்டனையும் குஃபாரோவின் ஏழாண்டுத் தண்டனையும் உயர் நீதிமன்றில் உறுதியாயின. குஃபாரோ றோமிலுள்ள றெபிபியா சிறைக்குச் சென்று, 2015 டிசம்பரில் வெளிவந்தார். மாஃபியாச் சொத்தைப் பறிமுதல் செய்யும் 1982 ஆம் ஆண்டுச் சட்டமும், அதனைச் சமூகப் பயனுக்கு வழங்கும் 1996 ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லையேல் இவ்வளாகம் மீண்டிராது. முதற் சட்டத்துக்கு வழிகோலிய பியோ லா தோரே, அது நிறைவேறும் முன்பே, அவ்வாண்டு ஏப்ரலில் பலேர்மோவில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இங்கு எவரும் களஞ்சியத்தின் பூட்டை உடைக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வைத்தியசாலை ஊழல் என்றதும் மருந்துப் பெட்டியைத் தூக்கிச் செல்லும் சிற்றூழியரையே நாம் நினைக்கிறோம். பெருந்தொகை போவது அவ்வழியாலன்று.

எலும்பியல், புனர்வாழ்வுப் பிரிவுகளில் இவ்வாபத்துக் கூடுதலாகும். அங்கு தேவைப்படும் பொருட்களின் இயல்பே அத்தகையது. காய்ச்சல் மாத்திரையின் விலையை எவரும் ஒப்பிடலாம். ஆணி, தகடு, செயற்கை இடுப்பு மூட்டு ஆகியன அளவுக்கு அளவு வேறுபடுவன. எந்த அளவு தேவை என்பது அறுவை மேசையிலேயே தெரியவரும். ஆகையால் விநியோகிக்கும் நிறுவனம் எல்லா அளவுகளையும் வைத்தியசாலைக் களஞ்சியத்தில் முன்கூட்டியே வைத்துவிடும். பாவித்ததற்கு மாத்திரமே விலை எழுதப்படும். பொருள் வைத்தியசாலையின் தட்டில் இருந்தாலும் உரிமை நிறுவனத்தினுடையது. உடலில் பொருத்திய பொருளின் தொகுதி இலக்கச் சீட்டு நோயாளியின் ஏட்டில் ஒட்டப்பட்டுள்ளதா, அதே இலக்கம் பட்டியலிலும் உள்ளதா என்று பார்ப்பவர் களஞ்சியப் பொறுப்பாளரே. அவர் கண்ணயர்ந்தால், ஒருவரின் உடலிலும் இல்லாத ஆணிக்குப் பணம் போகும். பின்னொரு நாள் அத்தொகுதி பழுதென்று தெரியவந்தாலும், அது யாருடைய காலில் இருக்கிறதென்று கண்டறிய முடியாது போகும்.

கேள்விப்பத்திரத்திலோ சூழ்ச்சி இன்னும் நுட்பமானது. சக்கர நாற்காலிக்கு விலை கோரும்போது, ஒரேயொரு நிறுவனத்தின் பட்டியலில் மாத்திரம் உள்ள அளவை விபரக்குறிப்பில் எழுதிவிட்டால் போதும். போட்டி காகிதத்தில் மாத்திரம் நடக்கும். 2020 மே மாதத்தில் பலேர்மோ நிதிக் காவற்படை மேற்கொண்ட கைதுகள் சிசிலிச் சுகாதாரத் துறையின் ஏறத்தாழ 600 மில்லியன் யூரோ பெறுமதியான கேள்விப்பத்திரங்கள் தொடர்பானவை. குஃபாரோ வழக்குடன் இவ்விடயம் முடிந்துவிடவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இத்தாலியில் செயற்கைக் கால் பெறும் எம்மவர் ஒன்றை அறிந்திருப்பது நன்று. புகலிடம் கோரியோருக்கும் தேசிய சுகாதார சேவையில் பதிவுசெய்யும் உரிமையுண்டு. நிபுண வைத்தியர் எழுதுவார், சுகாதார அலுவலகம் அனுமதிக்கும், செய்பவர் செய்து தருவார். அதன் பின்னர், எழுதிக் கொடுத்த வைத்தியரே அதைப் பரிசோதித்து ஏற்க வேண்டும். 'கொல்லாவுடோ' எனப்படும் இக்கட்டத்தை வெறும் கையொப்பமாக எண்ணி எம்மவர் விட்டுவிடுகின்றனர். கால் கடித்தால், உயரம் பிசகினால், சொல்ல வேண்டிய இடம் அதுவே.

தாயகத்தில் இவ்விடயம் உயிருடன் தொடர்புடையதாயிருந்தது. யாழ்ப்பாணத்தில் 1987 இல் தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையத்தை அறியாதார் இலர். பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், வடபகுதி வைத்தியசாலைக் களஞ்சியங்களுக்கு எது போகலாம் என்பதை நிர்ணயித்தது சுகாதார அமைச்சன்று; பாதுகாப்பு அமைச்சின் அனுமதியே. 2009 இல் வன்னியில் சிக்கியிருந்த மக்களின் தொகையை அரசு குறைத்துக் காட்டியதையும், அறுவைச் சிகிச்சைக்கான பொருட்கள் மறுக்கப்பட்டதையும் 2011 ஆம் ஆண்டு ஐ.நா. நிபுணர் குழு பதிவுசெய்தது. தலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் மருந்தின் அளவும் குறையும். இதுவும் கொள்வனவுக் கணக்கே. தென்னிலங்கை மக்களும் தப்பவில்லை: தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்துக் கொள்வனவு தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார்.

எம்முடைய மன்றங்களையும் இங்கு பேசாது விடமுடியாது. போரில் அவயவம் இழந்தோருக்கெனப் புலம்பெயர் நாடுகளில் ஆண்டுதோறும் பணம் சேர்க்கிறோம். வீடு துப்புரவு செய்தும் முதியோரைப் பராமரித்தும் உழைத்த பணம் அது. நாற்காலிகள் வழங்கும் நிழற்படம் வருகிறது. எத்தனை விலைகள் கோரப்பட்டன, யாரிடம் வாங்கப்பட்டது, ஊரில் யார் எண்ணிப் பொறுப்பேற்றார் என்ற விபரம் வருவதில்லை. கேட்பவரைத் துரோகியாகப் பார்க்கும் வழக்கமும் எம்மிடம் இன்னும் ஒழியவில்லை. ஊரிலே கோயிற் கணக்கை வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கச் சொல்லிச் சண்டை பிடித்த மக்கள்தாம் நாம். அடுத்த முறை சக்கர நாற்காலிக்கெனப் பற்றுச்சீட்டுப் புத்தகம் வீட்டு வாசலுக்கு வரும்போது, சென்ற முறை வாங்கிய நாற்காலியின் விலைச்சீட்டையும் கூடவே கொண்டுவரும்படி கேட்கலாம்.