மலைக்கு வந்த புது ஜமீன்!



பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறிச் செல்லும் மலைப்பாதையிலே கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. அவற்றுக்குப் புலவர்கள் பெயரையும் வள்ளல்கள் பெயரையும் சூட்டியிருக்கிறார்கள். பாரியின் பெயரும் அங்கே உண்டு. கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்துவிட்டு நடந்து சென்றான் என்று புகழப்படுகிறானே, அந்தப் பாரி! இன்று அந்த வளைவிலே திரும்பி மேலே விரையும் வண்டிகளில் சில, முல்லை படர்ந்த நிலம் சென்ட் என்ன விலை என்று கேட்பதற்காகவே விரைகின்றன.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடக மேடை ஏறியவன் நான். எதையும் காட்சியாகப் பார்த்தால்தான் எனக்குப் புரிகிறது. இதோ, என் கற்பனை மேடையில் ஒரு காட்சி. மலையூரின் ஓரத்துக் காடு. பெரியவர் ஒருவர், தரகர் ஒருவர்.

"ஐயா, இந்த மேட்டுநிலம் சும்மாதானே கிடக்கிறது?"

"சும்மா எங்கே கிடக்கிறது? மழை பெய்தால் சாமை விளைகிறது. பெய்யாவிட்டால் மாடு மேய்கிறது."

"அதைத்தான் சும்மா என்கிறேன்! கொடுத்துவிடுங்கள், கை நிறையப் பணம் தருகிறோம்."

"கொடுத்துவிட்டு நான் எங்கே இருப்பேன்?"

"இங்கேயேதான் இருப்பீர்கள்! கட்டப் போகிற பங்களாவுக்குக் காவல்காரர் ஒருவர் வேண்டாமா?"

திரை விழுகிறது. கைதட்ட எனக்கு மனம் வரவில்லை, உங்களுக்கும் வராது.

ஏலகிரி ஒரு காலத்திலே ஜமீன்தாரின் உடைமையாக இருந்த மலை. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்திலே மலை அரசின் கைக்கு வந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம், மலையை ஆளுவோர், மலையிலே வாழ்வோர்) தலை நிமிர்ந்தார்கள். ஒரு ஜமீனை ஒழிக்கச் சட்டம் செய்தோம். இப்போது சென்ட் சென்டாக, பத்திரம் பத்திரமாக, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நூறு குட்டி ஜமீன்கள் மலையேறுகின்றனவே, அவற்றை ஒழிக்க எந்தச் சட்டம்?

"அப்படியானால் ஊர் எல்லையிலே புதிதாக வீடே கட்டக்கூடாது என்கிறாயா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இயற்கையின்மீது அன்பு கொண்டோர் சிலர், மலையிலே ஒரு செங்கல்லும் புதிதாக வைக்கக்கூடாது என்கிறார்கள். சொல்வோரில் பலருக்குச் சமவெளியிலே மாடி வீடு இருக்கிறது! மகன் மணமுடித்துத் தனிக்குடித்தனம் போக ஓர் அறை இல்லாமல், திண்ணையிலே படுத்துறங்கும் மலையாளிக் கிழவனிடம் போய் அந்த உபதேசத்தைச் சொல்ல எனக்கு நா எழாது. ஏழைக்கு வீடு என்று மேடைதோறும் முழங்கிய நாம், மலை என்றதும் வாய் மூடிக்கொள்ளலாமா?

தமிழக அரசு 2024-இல் தொடங்கிய கனவு இல்லத் திட்டத்திலே ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி. உதவித்தொகை மூன்றரை லட்சம் ரூபாய். மலைக்கு அதனால் பாரம் இல்லை. ஆனால் அதைப் பெறுவதற்குக் கையிலே பட்டா வேண்டும். தலைமுறை தலைமுறையாக உழுதவனுக்குப் பட்டா கிடைப்பது எவ்வளவு பெரும்பாடு! வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்திலே நிறைவேறியது 2006-இல். தமிழகத்திலே நீதிமன்றத் தடை காரணமாக உரிமை வழங்கும் பணி முடங்கிக் கிடந்து, 2016-இல்தான் உச்சநீதிமன்றம் வழி திறந்துவிட்டது. ஏழைக்கான காகிதம் இப்படி ஆமை வேகத்தில் நகர்கிறது. மனைப்பிரிவுக்கான காகிதமோ மான்போலத் துள்ளி ஓடுகிறது.

ஆகவே, ஊர் எல்லையிலே வீடு கூடுமா கூடாதா என்று மட்டும் கேட்டால் விடை தவறாகவே வரும். யார் குடியிருக்கப் போகும் வீடு என்று கேட்க வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அலுவலகம், சாலை எத்தனை அடி அகலம் என்று கேட்கிறது. பூங்காவுக்கு எவ்வளவு இடம் என்று கேட்கிறது. ஆண்டிலே எத்தனை நாள் அந்த வீட்டிலே அடுப்பு எரியும் என்று கேட்பதில்லை!

தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். ஏலகிரி கடும்பாறை மலை. சிதைந்த மேற்பாறையிலும் பாறை வெடிப்புகளிலும் தேங்கி நிற்கும் மழைநீர்தான் அங்கே நிலத்தடி நீர். கோடை விடுமுறைக்கு வருவோர் ஆளுக்கொரு ஆழ்துளைக் கிணறு இறக்கினால், அடுத்த காட்டிலே இருக்கும் திறந்த கிணறு வற்றிவிடும். கிணறு வற்றினால் நிலம் தரிசாகும். தரிசானால் விலைக்கு வரும். தரகர் காத்திருந்தால் போதும்.

மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இந்தப் பாடம் புதிதல்லவே! ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் ஆலைகளுக்கு முதலில் அனுமதி தந்தார்கள்; பாலாறு என்னவாகும் என்று பிறகு கேட்டார்கள். கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது 1996 ஆகஸ்டில். 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றுக்காக மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. கெட்ட கிணறு தீர்ப்பைப் படித்துவிட்டு இனிப்பதில்லை.

சுவிட்சர்லாந்தைப் பாருங்கள். செல்வம் கொழிக்கும் நாடு, மலை நாடு. அங்கே 2012 மார்ச்சிலே மக்கள் வாக்கெடுப்பு. எந்த ஊராட்சியிலும் விடுமுறைக்கான இரண்டாம் வீடுகள் நூற்றுக்கு இருபதைத் தாண்டலாகாது என்று முடிவு செய்தார்கள். நூலிழை வெற்றிதான், எனினும் வெற்றி. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்து ஆந்திரத்திலே 1959-இல் ஓர் ஒழுங்குமுறை, 1970-இல் அதற்கொரு திருத்தம்: பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடியல்லாதார் வாங்க முடியாது. அந்த அரணுக்கு அடிப்படை, அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை. தமிழகத்திலே அந்த அட்டவணையின்கீழ் ஒரு மலைகூட அறிவிக்கப்படவில்லை. ஏலகிரிக்கும் இல்லை, சவ்வாது மலைக்கும் இல்லை, கொல்லி மலைக்கும் இல்லை!

விற்பவனைக் குறை சொல்லுவேனோ? மாட்டேன். மகள் திருமணம், மருத்துவச் செலவு, மகனின் படிப்பு - இவற்றுக்கு வேறு வழி காட்டாமல் "விற்காதே" என்பது வறண்ட உபதேசம். குத்தகைக்கு விடட்டும், தன் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்துப் பொருள் ஈட்டட்டும், கூட்டுறவுச் சங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் தரட்டும். அதற்குமேலும் விற்றுத்தான் தீர வேண்டுமென்றால், வாங்கும் முதல் உரிமை ஊருக்கு இருக்கட்டும்.

இனி நான் எழுதப்போவது சிலருக்குக் கசக்கும். அந்தத் தரகர் வேடத்திலே நம் கரைவேட்டி கட்டியவர்கள் எவருமே இல்லை என்று நெஞ்சிலே கை வைத்துச் சொல்ல முடியுமா? பகலிலே "உழுபவனுக்கே நிலம்" என்று பேசிவிட்டு, இரவிலே கமிஷன் கணக்குப் பார்ப்பவர் எல்லாக் கட்சியிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. அவரைக் கண்டால் வணக்கம் சொல்லுங்கள். மேடையிலே மட்டும் ஏற்றாதீர்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த முறை கூடும்போது ஏலகிரித் தோழர்கள் பெண்களையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். தண்ணீர்க் குடத்தின் எடை அவர்களுக்குத்தான் தெரியும். மலையிலேயே குடியிருப்போர்க்கு வீடும் பட்டாவும், வெளியாரின் மனைப்பிரிவுக்கு மறுப்பு, புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு ஊரின் ஒப்புதல் - மூன்றையும் தீர்மானமாக எழுதிப் பதிவேட்டிலே ஏற்றச் சொல்லுங்கள். ஏற்ற மறுத்தால் நகல் எடுத்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். இன்னொரு நகல் எனக்கும் வேண்டும். திருப்பத்தூர்க் கூட்டத்திலே படித்துக் காட்டுகிறேன்.