தூண்கள் செய்த குற்றம் என்ன?

புதுவைக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கருங்கல் தூண்களை அறியாதார் இலர். செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொணர்ந்தவை என்று சொல்லப்படும் அத்தூண்களின் முன் நம் பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடித்து மகிழ்கிறோம். வீடு திரும்பியதும், நம் மஹல்லாப் பள்ளியின் தூண்களை எப்போது இடிக்கலாம் என்று கூடிப் பேசுகிறோம்! அயலார் பெயர்த்து வந்த தூண் அழகு. நம் முன்னோர் நிறுத்திய தூண் இடைஞ்சல். இது என்ன நியாயம்?

அண்மையில் பெரியவர்கள் சிலர், பழைய பள்ளியொன்றைப் புதுப்பிப்பது குறித்து நம்மிடம் கருத்துக் கேட்டனர். கேட்டனர் என்பதைவிட, எடுத்துவிட்ட முடிவைச் சொல்லிச் சென்றனர் என்பதே பொருந்தும். அவர்கள் கூறிய காரணங்கள் மூன்று. தூண்கள் கோயில் தூண்களைப் போல் உள்ளன, ஸஃப்பை முறிக்கின்றன, சுண்ணாம்புக் கட்டடம் உறுதியற்றது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளியின் தூண்கள் பேரீச்ச மரத்தின் அடிமரங்கள். அந்த மண் தந்த பொருள் அது. பின்னர் ஹிஜ்ரி 29-இல் உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லால் தூண் நிறுத்தி, ‘ஸாஜ்’ மரத்தால் கூரை அமைத்தார்கள். ஸாஜ் என்பது தேக்கு. இந்தியக் கரைகளிலிருந்து மரக்கலமேறி அரபு நாட்டை அடைந்த மரம். இந்திய மரம் மதீனாவின் கூரைக்கு ஆகுமானால், தமிழகக் கல் தமிழர் பள்ளிக்கு ஆகாதா? கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் பழைய கல்லுப் பள்ளிகளைப் போய்ப் பாருங்கள். போதிகையும் பூவேலையும் தமிழ்ச் சிற்பியின் கைவண்ணம். உருவம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. தவ்ஹீதைத் தமிழ்க் கல்லில் சொல்லத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

இரண்டாவது, ஸஃப். தூண்களுக்கிடையே அணி நிற்பதை நபித்தோழர்கள் தவிர்த்ததாக ஹதீஸ் உண்டு, நாம் மறுக்கவில்லை. ஆயின் இட நெருக்கடியில் தடையில்லை என்பதையும் சட்ட நூலார் சொல்லியே இருக்கின்றனர். தூணுக்கு முன்னும் பின்னும் ஸஃப்பை அமைத்துக்கொண்டால் தீர்ந்தது. சுப்ஹு வேளையில் நம் பள்ளிகளின் ஸஃப்பை முறிப்பது தூணா, நாம் வாராமையா?

மூன்றாவது, உறுதி. 2014 நவம்பர் மழையில் கடற்கரையிலிருந்த பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்ததைச் சான்று காட்டுகின்றனர். காலத்தே செப்பனிடாததன் பலன் அது. அதே தோற்றத்தில் மீண்டும் எழுப்பி 2021-இல் திறந்தார்கள். பிறர் இழந்ததை மீட்கப் பொருள் தேடுகின்றனர். நாமோ இருப்பதை இடிக்க வசூல் செய்கிறோம்! காங்கிரீட் தூண் மட்டும் சாகாவரம் பெற்றதா? கடற்காற்றின் உப்பு உட்புகுந்தால், உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் காங்கிரீட்டையே பிளந்துவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தூணிலோ துருவேறக் கம்பியே இல்லை. அதன்மேல் சிமெண்ட் பூசி ஈரத்தை உள்ளே அடைப்பதுதான் நாம் அதற்குச் செய்யும் கேடு.

பழையது எதையும் தொடாதீர் என்று நாம் சொல்லவில்லை. இடம் போதவில்லையெனில் பக்கத்தில் விரிவாக்குங்கள். தூண் உண்மையிலேயே நொடிந்திருந்தால், சுண்ணாம்பு வேலை அறிந்த பொறியாளரைக் கொண்டு சோதித்து, அவர் சொற்படி செய்யுங்கள். மனித உயிரைவிடத் தூண் பெரிதன்று. ஆனால் சோதனைக்கு முன்பே தீர்ப்பளிப்பது எந்தச் சட்டம்?

நபியவர்கள் சாய்ந்து நின்று குத்பா நிகழ்த்திய அடிமரம், மிம்பர் வந்த நாளில் பிரிவாற்றாது அழுதது. அவர்கள் இறங்கி வந்து அதைத் தடவித் தேற்றினார்கள். அந்த வரலாற்றை மிம்பரில் உருக்கமாகச் சொல்லிவிட்டு, இறங்கியதும் கடப்பாரையைக் கையில் எடுப்பது நமக்கு அழகா?