அணைத்தாலும் கடிக்கும்!

அமெரிக்காவில் பஃபலோ நகரம். ஈரி ஏரி மேலாக வரும் காற்று, ஒரே ராத்திரியில் வாசலை முழங்கால் உயரத்துக்குப் பனியால் மூடிவிடும். காலையில் ஆபீஸ் போகக் காருக்கு வழி வேண்டுமே! பெட்ரோலில் ஓடும் ஸ்நோ த்ரோயரைக் கிளப்புவார்கள். முன்னால் சுழலும் திருகு பனியை வாரி உள்ளே தள்ளும். உள்ளே ஒரு விசிறி அதைக் குழாய் வழியாகத் தூர எறியும். 1925-ல் கனடாக்காரர் ஆர்தர் சிகார் உருவாக்கிய ராட்சச யந்திரத்தின் பேரப்பிள்ளை இது.

ஈரப் பனி என்றால் குழாய் அடைத்துக்கொள்ளும். வில்லங்கம் இங்கேதான். மனுஷர் உஷார் பேர்வழி. என்ஜினை அணைத்துவிட்டுத்தான் கையை விடுவார். அப்படியும் விரல் போகும் சார்! அடைபட்டு நின்ற விசிறியை பெல்ட் முறுக்கிப் பிடித்திருக்கும். பனியை நோண்டி எடுத்ததும் முறுக்கு விடுபட்டு, விசிறி வெடுக்கென்று திரும்பும். கொஞ்சம்தான். விரலுக்கு அது போதாதா? கிளவுஸெல்லாம் காப்பாற்றாது. இதற்காகவே பல மெஷின்களில் ஒரு பிளாஸ்டிக் குச்சி மாட்டித் தருகிறார்கள். லிவரை விட்டு, என்ஜினை நிறுத்தி, சுழல்வதெல்லாம் நின்றபின் அந்தக் குச்சியால்தான் குத்த வேண்டும்.

குளிருதே என்று ஷெட்டுக்குள் ஸ்டார்ட் பண்ணுவதும் கூடாது. கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். பெட்ரோல் தீர்ந்ததா? என்ஜின் ஆறும்வரை ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வந்து ஊற்றலாம். ஆபீஸ் எங்கேயும் ஓடிவிடாது.