மலைநாட்டு இயந்திரங்களுக்கு உறுதியான வளி வடிகட்டி வேண்டும்

நீர்ப்பம்பியோ இருசில்லு உழவு இயந்திரமோ வாங்கச் செல்லும் கமக்காரர் அதன் குதிரைவலுவை விசாரிப்பர், விலையை விசாரிப்பர், எரிபொருட் செலவையும் விசாரிப்பர். அவ்வியந்திரம் எதன் வழியாக மூச்சு விடுகின்றது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. ஒரு லீற்றர் பெற்றோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லீற்றர் வளி வேண்டும். இவ்வளவு வளியுடன் வரும் தூசைத் தடுத்து நிறுத்துவது, எயார் பில்டர் என்று நாம் வழங்கும் வளி வடிகட்டி ஒன்றே. ஆதலால் அதன் உறுதியே இயந்திரத்தின் ஆயுளை நிருணயிக்கின்றது என்பது எமது கருத்து.

மண்தூசின் பெரும்பகுதி படிகக்கல்லின் நுண்துகள்களாகும். இவை சிலிண்டரின் இரும்பிலும் கடினமானவை. எஞ்சின் எண்ணெயுடன் கலந்தவுடன் இவை அரம்போலத் தேய்க்கத் தொடங்குகின்றன. முதலில் பிஸ்டன் வளையங்கள் தேயும், பின்னர் எண்ணெய் எரிந்து நீலப்புகை எழும், வலு குன்றும், ஈற்றில் எஞ்சினை முற்றாகப் பிரித்துத் திருத்த நேரிடும். உருளைக்கிழங்குக்கோ கரட்டுக்கோ நீர் வேண்டிய வாரத்தில் பம்பி நின்றுவிடின், அந்த இழப்பை எவரும் ஈடுசெய்ய இயலாது.

மூடுபனி சூழ்ந்த மலைநாட்டில் தூசு ஏது என்று சிலர் கேட்கக்கூடும். தை, மாசி மாதங்களின் வரண்ட காற்றில் நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளின் தோட்டப் பாதைகளைப் பார்த்தவர் அவ்வாறு கேளார். பாத்திகளுக்கு டொலமைட் தூவும்போது எழும் வெண்தூளும், வலப்பனை, ஹங்குராங்கெத்த வயல்களில் சூடடிக்கும்போது பறக்கும் சுணையும் உமித்தூளும் இதனோடு சேர்கின்றன. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலோ ஹட்டன் பகுதியில் ஈரம் விட்டு நீங்குவதில்லை. வரட்சியில் தூசும் மாரியில் ஈரமும் தாக்கும் இடத்தில், வலுவற்ற கடதாசி நெடுநாள் நில்லாது.

இன்னுமொரு காரணமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியின் செறிவு கடற்கரையிலுள்ளதைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. அந்த அளவுக்கு எஞ்சினின் வலுவும் இயல்பாகவே குறைகின்றது. இந்நிலையில் வடிகட்டியும் அடைபட்டால் மூச்சுத்திணறல் இரட்டிக்கும். அப்பொழுது சிலர் வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு எஞ்சினை ஓட்டுகின்றனர். அன்றைக்கு எஞ்சின் உற்சாகமாக ஓடுவது மெய்யே. ஆயினும் அந்த உற்சாகத்தின் விலையைச் சில மாதங்களில் சிலிண்டர் செலுத்தும்.

கடதாசியை மடிப்பதன் நோக்கம் யாது? பத்து சென்ரிமீற்றர் விட்டமும் பதினைந்து சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட உருளையின் சுற்றுப்பரப்பு ஏறக்குறைய 470 சதுர சென்ரிமீற்றர் மாத்திரமே. அதே இடத்தில், இரண்டரை சென்ரிமீற்றர் ஆழமான 60 மடிப்புகளாகக் கடதாசியை அமைத்தால் 4,500 சதுர சென்ரிமீற்றர் பரப்புக் கிடைக்கும். பரப்புப் பெருகுவதால் வளி மெதுவாக ஊடுருவும். அடைப்பு உண்டாகவும் நாள் செல்லும். ஆனால் மடிப்புகளின் தொகையைக் கூட்டினாற் போதும் என்று எண்ணுவது தவறு. அளவுக்கு மீறி நெருக்கிய மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பகுதியில் வளி செல்லாது.

ஆகவே உறுதியான வடிகட்டிக்கு நான்கு இலக்கணங்கள் வேண்டும். முதலாவது, கடதாசி பிசின் ஊட்டிப் பதப்படுத்தியதாக இருத்தல். இதனால் ஈரத்தில் எளிதில் தளராது. இரண்டாவது, மடிப்புகள் ஒரே இடைவெளியில் நிற்கும்படி கடதாசியிற் புடைப்புகளோ பசைக்கோடுகளோ இடப்பட்டிருத்தல். மூன்றாவது, எஞ்சினின் உறிஞ்சலில் மடிப்புகள் உட்குழியாதபடி உட்புறத்தில் துளையிட்ட தகடோ கம்பி வலையோ தாங்குதல். நான்காவது, இரு முனை மூடிகளும் இறப்பர் விளிம்பும் இடைவெளியின்றிப் பொருந்துதல். விளிம்பில் மயிரிழை இடைவெளி இருப்பினும், தூசு கடதாசியை விட்டு அவ்வழியே புகுந்துவிடும்.

பழைய உழவு இயந்திரங்களிலுள்ள எண்ணெய்த் தொட்டி வடிகட்டியே மேலானது என்பாரும் உளர். கழுவி மீண்டும் பாவிக்கலாம் என்பது அதன் சிறப்பே. ஆயினும் அது சமநிலத்திற்கு ஏற்றது. சரிவில் இயந்திரம் மிகவும் சாயும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது நுண்தூசைப் பிடிக்கும் ஆற்றலும் குறையும். மலைச்சரிவிற் பாடுபடும் இயந்திரத்திற்கு உறுதியான மடிப்பு வடிகட்டியே தகுந்தது.

வாங்குமுன் வடிகட்டியின் உள்ளே ஒரு சிறு விளக்கைப் பிடித்து இருளிற் பார்த்தல் நன்று. ஊசிமுனையளவு வெளிச்சம் தெறித்தாலும் அதனை ஏற்கலாகாது. மடிப்புகளை விரலால் மெல்ல விலக்கினால் அவை தம் நிலைக்கு மீளவேண்டும். பொருத்திய பின் வளிக்குழாயின் உட்புறத்தை இடைக்கிடை துடைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தூசு படிந்திருப்பின் எங்கோ கசிவு உண்டு. கடதாசி வடிகட்டியைக் கல்லில் அடித்தலும், பெற்றோலில் அலசுதலும் ஆகா. காற்றால் ஊதுவதாயின் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்கு மேற்படாத அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே ஊதுக. சிறிது தூசு படிந்த கடதாசி புதிய கடதாசியிலும் நன்றாக வடிகட்டும். ஆதலால் நாள்தோறும் கழற்றித் தட்டுதல் பயனற்றது. வெளியே ஸ்பொஞ்சு உறை இருப்பின் அதனைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு உலர்த்தியபின் இடுக.

விலை அதிகம் என்பதே எதிர்வாதம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் நாம் பட்ட இன்னலை மறந்தவர் இலர். கையிற் பணம் குறைந்தவர் மலிவானதை நாடுவது குற்றமன்று. ஆனால் மலிவு வடிகட்டி மிச்சப்படுத்தும் பணம் ஒரு சோடி பிஸ்டன் வளையத்துக்கும் போதாது. வளி வடிகட்டிகளைச் சோதிப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் சர்வதேச நியமம் உண்டு. அதன்படி சோதிக்கப்பட்டதா என விற்பனையாளரைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. கமக்காரர் அமைப்புகள் ஒன்றுகூடி மொத்தமாக வாங்கினால், நல்ல சரக்கைக் கேட்டுப் பெறும் பலமும் உண்டாகும்.

1950களில் எமது நாட்டுப் பொறியியலாளர் றே விஜேவர்தன சிறு வயல்களுக்கென இருசில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். அது இங்கிலாந்தின் நொட்டிங்காமில் லான்ட்மாஸ்டர் என்னும் பெயரில் உற்பத்தியாயிற்று. எமது நிலத்துக்கு ஏற்ற இயந்திரத்தை எண்ணிய நாட்டில், எமது மலைக்கு ஏற்ற வடிகட்டியை எண்ணுதல் அரிதன்று. மகா இலுப்பள்ளமையிலுள்ள பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் போன்றவை மலைநாட்டின் ஈரத்தையும் தூசையும் கருத்திற்கொண்டு இவ்விடயத்தை ஆராய்தல் வேண்டும். அதுவரை, விலைச்சீட்டைப் பார்க்குமுன் மடிப்பையும் விளிம்பையும் பார்ப்பது ஒவ்வொரு கமக்காரரதும் கடமையாகும்.