பிரண்டை மட்டும் போதுமா?

கொளச்சல் பக்கத்துப் பாட்டி ஒருவர் பேரனின் எக்ஸ்ரேயை என் மேசைமேல் வைத்தார். முன்கை எலும்பு இரண்டாக விலகி நின்றது. “வைத்தியரே, பெரண்டை எலும்பை ஒட்டும்னு ஆராய்ச்சியிலயே சொல்லியாச்சுல்லா? பெறவு ஆஸ்பத்திரி எதுக்கு?” என்றார்.

பாட்டி சொன்னதில் பாதி உண்மைதான். கொச்சி அமிர்தா ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் பிரண்டைச் சத்து சேர்த்து எலும்பு வளர ஒரு தாங்கி செய்தார்கள். கொத்தனார் கட்டும் சாரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கடல்பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட்டும், இறால், நண்டு ஓட்டிலிருந்து வரும் கைட்டோசான் வகையும்தான் அதன் மூலப்பொருள். (நம்ம கரையில் குப்பையாய்க் கிடக்கிற ஓடுதான்!) பஞ்சு போன்ற அதன் துளைகளில் செல்கள் குடியேறும். எலும்பு வளர வளர, சாரம் கரைய வேண்டும். இவை தனியாக இருந்தால் மெத்தென்றிருக்கும். அதனால்தான் எலும்பிலுள்ள சுண்ணாம்பு உப்பையும் இப்படிப்பட்ட தாங்கிகளில் கலக்கிறார்கள்.

ஆனால் அது ஆய்வுக்கூடச் செல்களில் பார்த்த சோதனை. விபத்திலோ கட்டி எடுத்ததிலோ எலும்பே இல்லாமல் போன இடத்தை நிரப்பத்தான் இந்த முயற்சி. விலகிய எலும்பைப் பிரண்டைப் பற்று இழுத்து நேராக்காது.

சித்த மருத்துவன் நான். பிரண்டையை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் இறுக்கிக் கட்டிய மூங்கில் பத்தைக்குக் கீழே விரல் நீலம் பூத்து வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். விரல் சில்லிட்டாலோ மரத்தாலோ, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

பேரனை அன்றே எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். பிரண்டைத் துவையலா? தாராளமாக அரைத்துக் கொடுங்கள் என்றேன்.