எந்த நாளை அளக்கிறோம்?

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை விடியுமுன் தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நின்று உப்பு வார முடியாது. அதனால் பெண்கள் இருட்டிலேயே தூக்குவாளியோடு கிளம்புகிறார்கள். விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும். துறைமுகத்துக்கு இரவும் பகலும் ஒன்றுதான். நாமோ காலை 8 முதல் 10 வரை சாலையோரம் நின்று வண்டிகளை எண்ணி, அதையே ஊரின் உச்ச நேரம் என்று போக்குவரத்து மாதிரியில் ஏற்றுகிறோம்.

பயண உருவாக்கம், பகிர்வு, வாகனத் தேர்வு, வழித்தட ஒதுக்கீடு என்ற அந்த மாதிரியின் நான்கு படிகள் 1950-களில் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருப்பெற்றவை. காலையில் காரில் அலுவலகம் போய் மாலையில் திரும்பும் மனிதருக்கு அவை பொருந்தின. அந்தக் கருவியை நான் குறை சொல்லவில்லை. அதற்குள் எந்த நாளைப் போடுகிறோம் என்பதே என் கவலை.

‘சராசரி வேலை நாள்’ என்று படிவத்தில் எழுதுகிறோம். இந்தக் கடற்கரையில் அது எந்த மாதத்து நாள்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. திரேஸ்புரத்து நாட்டுப்படகுகள் கடலுக்குப் போகும்; விசைப்படகுகளை நம்பிய ஏலக்கூடமும் ஐஸ் வண்டிகளும் ஓய்ந்துகிடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் உப்பளம் முடங்கும். அந்த மாதங்களுக்காகவே உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மே மாதம் வீடுவீடாகப் போய்க் கேட்டால் மீன்பிடித் துறைமுகப் பயணங்கள் பாதி காணாமல் போகும். நவம்பரில் கேட்டால் உப்பளமே இருக்காது. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவை ஒட்டிக் கேட்டால் ஊர் வேறு ஊராகத் தெரியும். பருவத்துக்கு ஏற்ற திருத்தக் கெழு இல்லாத அடிப்படை ஆண்டை இங்கு ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயன்பாட்டுச் சமன்பாட்டில் அவர்களுக்குக் கட்டணம் பூஜ்ஜியம். நடக்கும் தூரமும் காத்திருக்கும் நேரமுமே மிச்சம். கட்டணமில்லாச் சீட்டுகளின் எண்ணிக்கை நமக்குக் கிடைத்த அரிய தரவு. ஆனால் அது ஏறியவரின் கணக்கு. பேருந்தே இல்லாத நேரத்தில் வேனிலும் சைக்கிளிலும் உப்பளத்துக்குப் போகிறவர் அதில் வரமாட்டார். சீட்டுத் தரவை மட்டும் வைத்துத் தேவையை மதிப்பிட்டால், பேருந்து இல்லாத தடத்தில் தேவையும் இல்லை என்றே மாதிரி சொல்லும். அதைக் காட்டி அடுத்த திட்டத்திலும் அங்கே பேருந்து மறுக்கப்படும். இந்தச் சுழலை உடைக்காத எந்த அளவுத்திருத்தமும், எத்தனை நேர்த்தியாகப் பொருந்தினாலும், அந்தப் பெண்களுக்கு அநீதி.

உப்பு வாரும் பருவத்தில் ஒன்று, மழையில் ஒன்று என இரண்டு அடிப்படை நாள்களாவது வேண்டும். கணக்கெடுப்பு அதிகாலை 3 மணிக்குத் தொடங்க வேண்டும். வீட்டு வாசலோடு உப்பள வரப்பிலும் ஏலக்கூடத்திலும் நடக்க வேண்டும். திருச்செந்தூர் சாலையில் நகரப் பேருந்தும் துறைமுக லாரிகளும் ஒரே தடத்தை நெருக்குவதால், சரக்கு அட்டவணையைப் பயணிகள் அட்டவணையோடு சேர்த்தே ஒதுக்கீடு செய்ய வேண்டும்.

இப்படி விடியுமுன் எண்ணிப் பார்த்தவர்கள் படிவத்தையும் முறையையும் எங்களுக்கு அனுப்புங்கள். முடிவுகள் அரைகுறையாக இருந்தாலும் வெளியிடுவோம்.